கடையில் வேலை செய்யும் சிறுவனைப் பார்த்தால்: புகார் நிற்க வேண்டுமானால்

முதலாளியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அன்று சாயங்காலமே பிள்ளையை வேறு பட்டறைக்கு மாற்றிவிடுவார்கள். அதிகாரிகள் வரும்போது கடையில் பெரியவர்கள் மட்டுமே இருப்பார்கள். விசாரிக்காமலே தெரிவதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: கடைப் பெயர், தெரு, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணி. 'பள்ளி நாளில் காலை 11 மணிக்கு வெல்டிங் பட்டறையில்' என்று எழுதினால் புகாருக்கு உயிர் வரும். படத்தை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம் சொல்கிறது. 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்கள் கூடாது. மற்ற வேலைகளிலும் ஓய்வு உட்பட நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை அறவே கூடாது.

பெரும்பாலான புகார்கள் வழுக்குவது ஒரே பதிலில்: "நம்ம சொந்தக்காரப் பையன் சார், லீவுக்கு வந்திருக்கான்." குடும்பத் தொழிலில் உதவச் சட்டம் இடம் தருவது உண்மைதான். ஆனால் குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் மட்டுமே. ஊர்க்காரரும் ஒன்றுவிட்ட மாமாவும் அதில் வரமாட்டார்கள். உறவு உண்மையாகவே இருந்தாலும் பள்ளி நேரத்தில் வேலை வாங்க முடியாது, அபாயகரமான வேலையும் தர முடியாது. அதனால்தான் கிழமையும் நேரமும் முக்கியம்.

உடனே மீட்க வேண்டுமானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. எழுத்தில் கொடுக்க, குழந்தைத் தொழிலாளர் புகாருக்கான மத்திய அரசின் பென்சில் (PENCIL) இணையதளமோ மாவட்டத் தொழிலாளர் அலுவலகமோ போதும். காவல் நிலையம் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். பெற்றோர் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்: 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சேரும், அந்தக் கடனும் செல்லாததாகிவிடும்.

மீட்ட 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். முதலாளி தரப்பு அங்கே வயதைத்தான் பிடித்துக்கொள்ளும். குழு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை, அடுத்தது பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பழைய பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்த அபராதம் பிள்ளைக்கான மறுவாழ்வு நிதியில் சேரும். அரசு தன் பங்காக 15,000 ரூபாய் போடும். இது தானாகக் கைக்கு வந்துவிடாது. எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டே இருங்கள். பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.