பிலிப்பினோ பெயரை வாசிக்கும் முறை

பிலிப்பினோ (பிலிப்பைன்ஸ் நாட்டவர்) ஒருவருக்கு ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பதைக் கொண்டு, அவருடைய முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் சறுக்குகிற இடம் இதுதான்.

முதலில் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்று 1849 நவம்பர் 21 அன்று ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஆணை பிறப்பித்தார். அதற்கு முன்பு, ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிக்கே வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருந்ததுண்டு. அதோடு, ‘டே லா குரூஸ்’ (சிலுவையின்), ‘டே லோஸ் சாண்டோஸ்’ (புனிதர்களின்) என்று பக்தியின்பேரில் பலரும் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டதால், வரிப் பதிவேட்டில் யார் எவர் என்று பிரித்தறிவது பெரும்பாடாக இருந்தது. ஆகவே ஏறத்தாழ 61,000 பெயர்களை அகரவரிசையில் தொகுத்த பட்டியல் ஒன்று மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டு, அதன் தாள்கள் ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தங்கள் ஊருக்கு எந்தத் தாள் வந்ததோ, அதிலிருந்தே மக்கள் பெயர் பெற்றார்கள். ஆல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ரகரத்தில் தொடங்கும் பெயர்கள் மலிந்திருப்பது இதனால்தான். எனவே பெயரின் முதலெழுத்து முன்னோரின் ஊருக்கு வழிகாட்டக்கூடுமே தவிர, இரத்த உறவுக்குச் சான்றாகாது. உள்ளூர்ச் சொற்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகையால் உள்ளூர்ப் பெயர் என்றாலே ஆணைக்குத் தப்பியது என்றும் கொள்ளக் கூடாது.

அடுத்து, பெயர்களின் வரிசையைப் பாருங்கள். ‘மரியா சாண்டோஸ் ரெயெஸ்’ என்ற பெயரை ஸ்பெயினில் வாசித்தால் சாண்டோஸ் தந்தைவழிப் பெயர். இன்றைய மணிலாவில், அவர் மணமாகாதவரானால், அதுவே தாய்வழிப் பெயர். ஸ்பானியருக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சிக் காலத்தில் வரிசை மாறியதால், ஆவணத்தின் ஆண்டைப் பார்க்காமல் தந்தை யார், தாய் யார் என்று எழுதிவிடாதீர்கள்.

பெயரோடு நின்றுவிடாமல், சொற்களையும் இதே கவனத்தோடு பிரித்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸின் முக்கிய மொழிகளில் ஒன்றான தகலோக்கில் வெங்காயத்துக்கு ‘சிபுயாஸ்’ என்று பெயர். ‘செபோயாஸ்’ என்ற ஸ்பானியப் பன்மைச் சொல்லிலிருந்து வந்த அது தகலோக்கில் ஒருமையாகிவிட்டது; பல வெங்காயங்களைச் சொல்ல அதற்கு முன்னால் ‘மங்கா’ என்ற உள்ளூர்ப் பன்மைச் சொல்லைச் சேர்க்கிறார்கள். சொல்லை வாங்கிய மொழி தன் இலக்கணத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. தெற்குப் பிலிப்பைன்ஸின் சாம்போவாங்காவில் பேசப்படும் சாவகானோ மொழி இன்னும் வியப்பானது: அதன் சொற்களில் பெரும்பகுதி ஸ்பானியம், ஆனால் பன்மைக்கு அங்கும் அதே உள்ளூர்ச் சொல்தான், ‘மாகா’ என்ற வடிவில்.