குளிரில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர்: முதலில் டெப்பட்டைப் பாருங்கள்

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் விடியற்காலையில் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. பிளக் புதிது, பெட்ரோல் வருகிறது, பேட்டரியிலும் குறையில்லை. அப்படியானால் கார்பரேட்டரில் கை வைக்குமுன் டெப்பட் இடைவெளியை அளந்துவிடுங்கள்.

எஞ்சினுக்குள் வரும் காற்றுக்கும் வெளியேறும் புகைக்கும் கதவாக இருப்பது வால்வ். அதன் தண்டு நுனிக்கும் அதை அமுக்கும் ரொக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே உள்ள மயிரிழைச் சந்துதான் அந்த இடைவெளி. ஓட ஓட வால்வ் தன் இருக்கையைத் தேய்த்து உள்ளே அமரும். தண்டு ரொக்கர் பக்கம் தள்ளப்பட, சந்து குறையும். சந்தே இல்லாமல் போனால் வால்வ் முழுதாக மூடாது, கொம்பிரஷன் (சிலிண்டரில் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம்) கசியும், கிக்கர் பாரமில்லாமல் இறங்கும். எக்சோஸ்ட் வால்வ் (புகை வெளியேறும் வால்வ்) தன் சூட்டை இருக்கையில் அமரும்போதுதான் இறக்கிவைக்கிறது. மூடாமல் ஓடினால் விளிம்பு கருகும். டிக்டிக்கென்ற சத்தத்துக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். சத்தமே இல்லாத டெப்பட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடைவெளி கூடினாலும் தொல்லைதான். சில வண்டிகளில் ரொக்கர்களை அசைக்கும் கேம் ஷாஃப்டில், ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் லேசாகச் சுற்றுவதற்காக எக்சோஸ்ட் வால்வைச் சற்றே தூக்கி அழுத்தத்தை இறக்கிவிடும் ஓர் அமைப்பு உண்டு. சந்து பெரிதானால் அது எட்டாது. செல்ஃப் முக்கி நின்றுவிடும்.

இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் மட்டும் அளக்க வேண்டும். பிளக் குழியைச் சுற்றி மண் அப்பியிருக்கும்; ஊதித் துடைத்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு ஹெட் கவரையும் ஃபேன் கவரையும் எடுங்கள். எஞ்சின் ஓடும் திசையிலேயே ஃபேனைக் கையால் சுற்றி, ஃப்ளைவீலின் T குறியை கேஸிங் குறியோடு நேராக்குங்கள். இப்போது இரண்டு ரொக்கர்களும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: T குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும், அதில் ஒன்றுதான் கொம்பிரஷன் உச்சி, அதாவது இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் மேலே நிற்கும் நிலை. இரண்டிலும் ஆடவில்லையென்றால் சந்தே தீர்ந்துவிட்டது. கேம் பல்சக்கரக் குறியை வைத்து உச்சியை உறுதிசெய்யுங்கள்.

உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். கார்பரேட்டர் பக்க வால்வுக்கும் சைலன்சர் பக்க வால்வுக்கும் அது வேறாக இருக்கலாம். அளவு 0.10 மி.மீ. என்றால், ஃபீலர் கேஜின் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.10 தகடு வெண்ணெயில் கத்தி போல மெல்லிய பிடியோடு போய்வர வேண்டும், 0.12 நுழையக் கூடாது. சரியில்லையென்றால் ரொக்கர் நுனியிலுள்ள லொக் நட்டைத் தளர்த்தி, அதன் நடுவே உள்ள திருகை அளவுக்கு நகர்த்தி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு மாறும், மறுபடி அளங்கள். எஞ்சினை இரண்டு சுற்று சுற்றி இன்னொரு முறை அளந்தபின் கவரை மூடலாம். ரப்பர் சீல் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். பிளக்கை முதலில் விரலாலேயே திருகி ஏற்றுங்கள். ஸ்பேனரோடு தொடங்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பிளக் குழியில் கொம்பிரஷன் கேஜ் (அழுத்தமானி) வைத்து அளந்தால் எக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். கொழும்பில் 150 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும் அதே எஞ்சின் இங்கே 120 அளவில் நிற்கும், அதற்காக யாரும் எஞ்சினை இறக்க வேண்டாம். அதைவிடவும் குறைந்தால் பிளக் குழியில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் பெரும்பாலும் வால்வ்தான் கசிகிறது. டெப்பட் சரியாக இருந்தும் அப்படியென்றால் ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்துப் பொருத்த கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.