ஆனர் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது

அகராதியைத் திறந்தால் ஆனர் என்பதற்கு மரியாதை, கௌரவம், மானம், நேர்மை, பட்டம், விருது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டு, பேங்கிலிருந்து வரும் கடிதத்தில் உங்கள் செக் டிஸ்ஆனர் ஆகிவிட்டது என்று படித்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் இந்தச் சொல்லைப் பட்டியலாகப் படிக்க வேண்டாம். அது வினைச்சொல்லா பெயர்ச்சொல்லா, ஒருமையா பன்மையா, முன்னால் இன் நிற்கிறதா ஆன் நிற்கிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி அர்த்தம் தெரிந்துவிடும்.

முதலில் வினைச்சொல்லிலிருந்து தொடங்குவோம், அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். வினையாக வரும்போது ஆனர் என்றால் ஒருவருக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது. செக்கில் எழுதிய தொகையை பேங்க் கொடுத்துவிட்டால் அந்த செக்கை ஆனர் செய்துவிட்டது, கணக்கில் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் டிஸ்ஆனர். நாம் பேச்சில் பவுன்ஸ் என்றும் ரிட்டர்ன் என்றும் சொல்வதைத்தான் சட்டம் டிஸ்ஆனர் என்கிறது. 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது: செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம், 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆக, இங்கே ஆனர் என்பது மரியாதை காட்டுவது அல்ல, கொடுத்த கையெழுத்துக்கு ஏற்றபடி நடப்பது.

இதே அர்த்தத்தில் வாக்குறுதி, ஒப்பந்தம், போர்நிறுத்தம், வாரண்டி, ஹோட்டல் புக்கிங், தள்ளுபடி கூப்பன் எல்லாவற்றையும் ஆனர் செய்யலாம். புகார்க் கடிதம் எழுதும்போது இது மிகவும் உதவும். "ப்ளீஸ் ஆனர் தி வாரண்டி" என்று எழுதினால் கெஞ்சுவதுபோலவும் இருக்காது, சண்டைக்குப் போவதுபோலவும் இருக்காது, நீங்கள் ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறேன் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். நண்பரிடம் பேசும்போது ப்ராமிஸ் என்ற சொல்லோடு கீப் போதும். கம்பெனி, அரசு, ஒப்பந்தம் என்று வரும்போது ஆனர்.

ஆட்களுக்கு இதே வினையைப் பயன்படுத்தும்போது ரெஸ்பெக்ட்டுக்கும் ஆனருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ரெஸ்பெக்ட் மனதுக்குள்ளேயே இருக்கலாம், ஆனர் செய்வதென்றால் அது வெளியே தெரிய வேண்டும்: விழா, விருது, மலர்வளையம், ஒரு நிமிட மௌனம், இப்படி ஏதாவது ஒன்று. அதனால் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது "ஐ ரெஸ்பெக்ட் மை பாஸ்" என்றுதான் சொல்வார்கள், அங்கே ஆனரைப் போட்டால் அவருக்கு ஏதோ பாராட்டு விழா எடுப்பதுபோல் ஆகிவிடும். பெற்றோருக்கு மட்டும் ஆனர் இயல்பாக வரும், அதற்குக் காரணம் பைபிளின் பத்துக் கட்டளைகள். தமிழ் பைபிள் அந்த இடத்தை "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று மொழிபெயர்த்திருக்கிறது. கனம் என்ற அந்தப் பழைய சொல் ஆனரின் எடையை அப்படியே தாங்குகிறது என்று எனக்குத் தோன்றும். நீதிமன்றத்தில் கனம் கோர்ட்டார் அவர்களே என்று சொன்ன தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

விருது பற்றி எழுதும்போது செயப்பாட்டு வினை. வித் போட்டால் விருதின் பெயர், ஃபார் போட்டால் காரணம். "ஷி வாஸ் ஆனர்டு வித் தி பாரத் ரத்னா", "ஷி வாஸ் ஆனர்டு ஃபார் ஹெர் சர்வீஸ் டு மியூசிக்". எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 1998-ல் அந்த விருது கிடைத்ததைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு வாக்கியமும் வேண்டியிருக்கும்.

அடுத்தது உச்சரிப்பு. முதலில் உள்ள எச் எழுத்து வாயில் வரவே கூடாது. நம்மூரில் ஹானர் என்று எச்சை அழுத்திச் சொல்பவர்கள் நிறையப் பேர், ஒரு போன் பிராண்டின் பெயரும் தமிழில் அப்படித்தான் புழங்குகிறது, ஆனால் ஆங்கிலப் பேச்சில் அது ஆனர்தான். லத்தீனில் இருந்த சொல் பிரெஞ்சு வழியாக, 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் வந்தது, பிரெஞ்சில் அந்த எச் ஏற்கெனவே ஊமையாகிவிட்டிருந்தது. மணி நேரம் என்ற பொருளில் வரும் அவர், நேர்மையான என்ற பொருளில் வரும் ஆனஸ்ட், ஏர் அதாவது வாரிசு, இந்த ஆங்கிலச் சொற்களும் இதே வகை. காதில் விழும் முதல் ஒலி உயிரொலி என்பதால் முன்னால் எ வராது, அன்தான் வரும்: அன் ஆனர், அன் ஆனரபிள் மேன், அன் ஆனரரி டிகிரி. எழுத்தைப் பார்த்து எ போடாதீர்கள், ஒலியைக் கேட்டுப் போடுங்கள்.

மேடையில் பேச வேண்டியிருந்தால் "இட் இஸ் அன் ஆனர் டு பி ஹியர்" அல்லது "ஐ ஆம் ஆனர்டு டு பி ஹியர்" இரண்டில் எது வேண்டுமானாலும் சொல்லலாம். ஐ ஆம் ஆனரிங் என்று சொன்னால் கதை தலைகீழாகிவிடும், நீங்கள் யாரையோ கௌரவிக்கிறீர்கள் என்று ஆகும். அதேபோல், "ஐ ஹேவ் தி ஆனர் டு இன்ஃபார்ம் யூ" என்று தொடங்கும் கடிதங்கள் பிரிட்டிஷ் காலத்து அலுவலக நடை, இன்றைக்கு ஈமெயிலில் அது தேவையே இல்லை. திருமண அழைப்பிதழ் ஆங்கிலத்தில் அச்சடிப்பவர்கள் "ரெக்வெஸ்ட் தி ஆனர் ஆஃப் யுவர் ப்ரெசென்ஸ்" என்று போடலாம், அது இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது.

இன் ஆனர் ஆஃப் என்றால் ஒருவரைச் சிறப்பிக்கும் விதமாக. உயிரோடு இருப்பவருக்கும் சொல்லலாம், மறைந்தவருக்கும் சொல்லலாம். இன் மெமரி ஆஃப் மறைந்தவருக்கு மட்டும்தான், ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நடத்தும் விழாவின் பேனரில் தப்பித்தவறி அது வந்துவிடக் கூடாது, பேனர் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். ஆன் மை ஆனர் என்றால் என் மேல் ஆணையாக, என் நேர்மையைப் பணயம் வைத்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பேடன் பவல் 1908-ல் எழுதிய சாரணர் உறுதிமொழி இந்தச் சொற்களோடுதான் தொடங்கும். வேர்ட் ஆஃப் ஆனரும் அதே குடும்பம். டெட் ஆஃப் ஆனர் என்றால் பத்திரம், கையெழுத்து எதுவும் இல்லாமல், கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாத, நாணயத்துக்காக மட்டுமே திருப்பிக் கொடுக்கும் கடன். இங்கிலாந்தில் முக்கியமாகச் சூதாட்டக் கடனை இப்படிச் சொன்னார்கள்.

டூ தி ஆனர்ஸ் என்பதைக் கேட்டுப் பலர் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். கேக் மேஜையில் இருக்கிறது, கத்தியை உங்கள் கையில் கொடுத்து "வுட் யூ டூ தி ஆனர்ஸ்?" என்று கேட்டால், நீங்களே வெட்டுங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். டீ ஊற்றுவது, ரிப்பன் வெட்டுவது, ஆட்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். எப்போதும் பன்மை, எப்போதும் தி உண்டு.

பன்மையில் வேறு சில இடங்களும் இருக்கின்றன. பட்டப் படிப்பில் ஆனர்ஸ் என்றால் ஒரு பாடத்தில் ஆழமாகப் படித்த பட்டம். பிரிட்டனில் அதற்குள் முதல் வகுப்பு, மேல் இரண்டாம் வகுப்பு, கீழ் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரிவுகள் உண்டு, நடுவில் உள்ள இரண்டையும் டூ ஒன், டூ டூ என்று சொல்வார்கள். இந்தியாவில் 2020-ன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு ஆனர்ஸ் என்ற பெயர் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வித் ஆனர்ஸ் என்றால் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர் என்று பொருள், பாடத்திட்டத்தைப் பற்றியது அல்ல. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம், உங்கள் பட்டச் சான்றிதழில் அந்தச் சொல் அச்சாகியிருந்தால் மட்டும் எழுதுங்கள். வித் ஃபுல் ஸ்டேட் ஆனர்ஸ் என்று செய்தியில் வந்தால் முழு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. கிரிக்கெட்டில் ஆனர்ஸ் ஈவன் என்றால் இரண்டு பக்கமும் சமநிலை.

இப்போது அழைப்பு முறைக்கு வருவோம், தவறு நடந்தால் சங்கடம் அதிகமாகும் இடம் இதுதான். சினிமாவில் வக்கீல்கள் யுவர் ஆனர் என்று முழங்குவதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் பொதுவாக எல்லா நீதிபதிக்கும் அது பொருந்தும். இங்கிலாந்தில் சர்க்யூட் நீதிபதிகளுக்கு யுவர் ஆனர், உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மை லார்ட் அல்லது மை லேடி. இந்தியாவில் பார் கவுன்சில் 2006-ல் கொண்டுவந்த விதி உச்ச, உயர் நீதிமன்றங்களில் யுவர் ஆனர் அல்லது ஆனரபிள் கோர்ட் என்று அழைக்கச் சொல்கிறது, கீழமை நீதிமன்றங்களில் சார் என்றோ அந்தந்த மாநில மொழியில் அதற்கு இணையாகவோ அழைக்கலாம் என்கிறது. ஆனால் விதி ஒருபக்கம், பழக்கம் ஒருபக்கம். 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் யுவர் ஆனர் என்று அழைத்த ஒரு சட்ட மாணவரிடம், நீங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையோ மாஜிஸ்திரேட்டையோ மனதில் வைத்துப் பேசுகிறீர்கள், நாங்கள் இரண்டும் இல்லை என்று அப்போதைய தலைமை நீதிபதி பாப்டே சொன்னார். மை லார்ட் இன்னும் போகவில்லை. சாட்சியாகவோ மனுதாரராகவோ போகிறீர்கள் என்றால் உங்கள் வக்கீல் எப்படி அழைக்கிறாரோ அப்படியே அழையுங்கள்.

ஆனரபிள் என்பது நம் மாண்புமிகு. அமைச்சருக்கு மனு எழுதும்போது அந்தச் சொல்லை நடுவில் அப்பாஸ்ட்ரஃபி குறி போட்டுச் சுருக்கி எழுதும் வழக்கம் இந்தியாவில் எங்கும் இருக்கிறது. இதை மற்றவர்கள்தான் நமக்குப் போட வேண்டும், நம் பெயருக்கு முன் நாமே போட்டுக்கொள்வது நன்றாக இருக்காது. ஆனரரி வேறு, அது சம்பளம் வாங்காமல் பொறுப்பு வகிப்பவருக்கும், படித்து வாங்காமல் கௌரவமாக அளிக்கப்பட்ட டாக்டர் பட்டத்துக்கும் உரியது. சங்கத்தின் லெட்டர்பேடில் செயலாளர் பெயருக்கு முன் ஹெச் ஓ என் என்று சுருக்கிப் போட்டிருந்தால் அது கௌரவச் செயலாளர், மாண்புமிகு செயலாளர் அல்ல. ஆனரேரியம் என்றால் மதிப்பூதியம்.

பட்டம் என்ற அர்த்தத்தில் ஆனர்ஸ் வரும்போது நம் அரசியலமைப்பின் 18-வது பிரிவையும் நினைவில் வையுங்கள். அது அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் அந்தத் தடைக்குள் வராது, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டாக அவற்றைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. போஸ்டரிலும் அழைப்பிதழிலும் அதை மீறுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, செய்யாதீர்கள். பேட்ஜ் ஆஃப் ஆனர் என்ற தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரவீந்திரநாத் தாகூர்தான் நினைவுக்கு வருவார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919 மே மாதம் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், கௌரவச் சின்னங்களே நம் அவமானத்தைப் பளிச்சென்று காட்டும் காலம் வந்துவிட்டது என்று சொல்லி சர் பட்டத்தைத் துறந்தார். கொடுத்தவர்களின் சொல்லை எடுத்தே அவர்களுக்குப் பதில் எழுதியது அந்தக் கடிதம்.

ஆனர் கில்லிங் என்ற தொடரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆனருக்குக் குடும்ப மானம், பெண்ணின் கற்பு என்ற பழைய அர்த்தங்களும் உண்டு, அந்த அர்த்தத்திலிருந்துதான் இந்தத் தொடர் பிறந்தது. தமிழில் கௌரவக் கொலை என்று எழுதிக்கொண்டிருந்ததை மாற்றி இன்று ஆணவக் கொலை என்று எழுதுகிறோம், அது சரியான மாற்றம், கொன்றவன் சொல்லும் நியாயத்தை நாம் ஏன் அவனுக்காக எழுத வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதும்போது சோ கால்டு என்று முன்னால் சேருங்கள், அல்லது ஆனர் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது காஸ்ட் கில்லிங் என்று நேராக எழுதுங்கள். வயது வந்த இருவர் விரும்பி மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தக் குற்றத்துக்கு ஆனர் என்று பெயர் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைசியாக எழுத்துக்கூட்டல். பிரிட்டிஷ் முறையில் ஓ-வுக்கும் ஆர்-க்கும் நடுவில் யு உண்டு, அமெரிக்க முறையில் கிடையாது. அமெரிக்க அகராதி ஆசிரியர் வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட அகராதி யு இல்லாத வடிவத்தை அங்கே நிலைநிறுத்தியது, ஆனால் அவர் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை, 1776-ன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலேயே யு இல்லாமல்தான் இருக்கிறது. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா எல்லாம் யு-வோடு எழுதும் நாடுகள். ஆனால் ஒன்று, பிரிட்டிஷ் முறையிலும் ஆனரரி, ஆனரேரியம், ஆனரிஃபிக் ஆகிய மூன்றிலும் யு வராது, ஆனரபிளிலும் ஆனர்டிலும் வரும். ஆனரரியில் யு போட்டு அச்சான விசிட்டிங் கார்டுகள் ஏராளம். அமெரிக்காவின் மெடல் ஆஃப் ஆனர் போன்ற பெயர்களை நம் முறைக்கு மாற்றாமல் அவர்கள் எழுதுகிறபடியே விடுங்கள். கம்ப்யூட்டரில் யு போட்டதும் சிவப்புக் கோடு வந்தால் உங்கள் மேல் தவறில்லை, மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை இந்திய ஆங்கிலத்துக்கோ பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கோ மாற்றிவிட்டால் கோடு போய்விடும்.