வளைவை மறைத்த சீமைக்கருவேலை எடுத்தது எப்படி: என் அனுபவம்

சோழவந்தானிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வளைவில் சீமைக்கருவேல் தார் விளிம்பைத் தாண்டி வளர்ந்திருந்தது. எதிரே மினிபஸ் வருவது ஹாரன் கேட்டால்தான் தெரியும். போன ஐப்பசியில் ஒருநாள் வண்டியை ஒதுக்கப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த என் மகளின் முழங்கையில் முள் ஆழமாகக் கீறிவிட்டது. ரத்தம் பள்ளிச் சட்டையெல்லாம் இறங்கியது.

மறுநாளே நானும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அரிவாளோடு போய் வெட்டினோம். அது தப்பு. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இரண்டு மழையில் முன்பைவிட அடர்ந்துவிட்டது. வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு ஜேசிபி வேண்டும்.

அப்புறம் மனு. ஓர் அலுவலகத்தில் "இது எங்க ரோடு இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது ஒன்றியச் சாலை. வளைவின் இரு பக்கமும் நின்று, வண்டி ஓட்டுபவரின் கண் உயரத்தில் படம் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு கொடுத்தேன். ரசீது வாங்காமல் நகரவில்லை. ஜனவரி 26 கிராம சபையிலும் பேசி, தீர்மானமாக எழுத வைத்தோம்.

மாசியில் ஜேசிபி வந்தது. வேர்க்குழிகளை மண் போட்டு மிதித்து மூடினோம், இல்லாவிட்டால் மழையில் சாலையோரம் சரியும். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போடுவதால் கன்றுகள் முளைக்கத்தான் செய்கின்றன. ஈர மண்ணில் கையாலேயே வந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு அண்ணனும் நானும் பிடுங்கிவிடுகிறோம்.