ஃபங்ஷன் காட்டுவது வேறு, திருப்பித் தருவது வேறு

பைத்தான் நிரல்மொழியில் ஃபங்ஷன் எழுத வருகிறது, ஆனால் பிரிண்ட்டே விடையைக் காட்டுகிறதே, ரிட்டர்ன் எதற்கு என்று குழப்பமா? ஒரு சனிக்கிழமை முழுக்க இதில் மாட்டிக்கொண்டு வெளியே வந்ததால் எழுதுகிறேன். பைத்தான் நிறுவுவதெல்லாம் இங்கே இல்லை.

அல்சூரில் இருக்கும் அக்கா மகளுக்காக ஆட்டோ கட்டணக் கணக்கு ஒன்று எழுத உட்கார்ந்தோம். பெங்களூரு மீட்டரில் 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு.

படி 1. கீழே எழில் என்ற தமிழ் நிரல்மொழியின் சொற்களில் தருகிறேன். பைத்தானில் நிரல்பாகம் என்பது டெஃப், பதிப்பி என்பது பிரிண்ட், ஆனால் என்பது இஃப், இல்லை என்பது எல்ஸ். முடி கிடையாது, உள்ளே தள்ளி எழுதுவதே போதும்.

நிரல்பாகம் கட்டணம்( கிமீ )
  @( கிமீ <= 2 ) ஆனால்
    பதிப்பி 36
  இல்லை
    பதிப்பி 36 + ( கிமீ - 2 ) * 18
  முடி
முடி

4 கிலோமீட்டர் கொடுத்தால் 72. சரியான விடைதான்.

படி 2. இரவுக் கட்டணம் வேண்டும்:

இரவு = கட்டணம்( 4 ) * 1.5

இங்கேதான் மாட்டினேன். பைத்தான் 72 என்று காட்டிவிட்டு, அடுத்த நொடியே சிவப்பில் டைப்எர்ரர் போட்டது, நன்டைப்பையும் (NoneType) ஃப்ளோட்டையும் (தசம எண்) பெருக்க முடியாதாம். 72 கண்ணெதிரே இருக்கும்போது நன் எங்கிருந்து வந்தது?

கடைக்கு அனுப்பிய பையன் "பால் வாங்கியாச்சு" என்று தெருவிலிருந்தே கத்திவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்தால் காபி போட முடியாது. பிரிண்ட் அந்தக் கத்தல். விடை திரைக்குப் போனது, ஃபங்ஷனைக் கூப்பிட்ட வரிக்கு எதுவும் வரவில்லை. ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷனுக்குப் பைத்தான் தானாகவே நன் என்ற வெறுங்கையைத் திருப்பித் தரும், அதைத்தான் நாங்கள் 1.5-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

படி 3. இரண்டு பதிப்பியையும் பின்கொடு ஆக்குங்கள், பைத்தானில் ரிட்டர்ன். எழிலில் இந்தச் சொல்லை வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன், பாதி விளக்கம் அதிலேயே இருக்கிறது. இப்போது இரவு என்ற மாறியில் 108 உட்காரும். பார்க்க வேண்டுமானால் வெளியே தனியாக ஒரு பதிப்பி போடுங்கள்.

இன்னொன்று. அடித்த வரி உடனுக்குடன் ஓடும் ஷெல்லில் ஒவ்வொரு வரியாக அடித்துப் பழகுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது, ஏனென்றால் ஷெல் திருப்பித் தந்த மதிப்பையும் தானே திரையில் காட்டிவிடும், எண்களுக்கு இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். அதனால் கோப்பில் எழுதி ஓட்டுங்கள். தொடக்கத்தில் பெரிய எடிட்டர்கள் வேண்டவே வேண்டாம், என் தேர்வு தானி (Thonny) என்ற சின்ன எடிட்டர். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம். நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்க உதவும் அதன் டீபக்கரில் ஃபங்ஷனுக்குள் இறங்கினால் தனி ஜன்னல் திறக்கும், முடிந்ததும் கூப்பிட்ட இடத்தில் 72 வந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். அக்கா மகளுக்குப் புரிந்தது அந்த நொடியில்தான்.

பின்சேர்க்கை: 5 நாள் பயணத்தை லூப்பில் கூட்டினால் முதல் நாள் தொகை மட்டுமே வருகிறது என்று படித்தவர் ஒருவர் நிரலை அனுப்பியிருந்தார். ரிட்டர்ன் வந்த கணமே ஃபங்ஷன் முடிந்துவிடும், மிச்ச வரிகள் ஓடாது. அவர் ரிட்டர்னை லூப்புக்குள் தள்ளி எழுதியிருந்தார், அதனால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டது. அந்த வரியை லூப்பின் வரிகளெல்லாம் முடிந்த பிறகு, ஃபார் என்ற சொல் தொடங்கும் அதே ஓரத்துக்கு இழுத்து வையுங்கள், ஐந்து நாளும் கூடி வரும்.