உலாவியைப் புதுப்பித்த பிறகு ஒரு பக்கம் உடைந்தால்

பயர்பாக்ஸ் 2020இலும் குரோம் 2021இலும் நான்கு வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு என்ற சுழற்சிக்கு மாறின. பெரும்பாலானோர் இந்தப் பதிப்பு மாற்றத்தைக் கவனிப்பதே இல்லை. நேற்று வரை ஒழுங்காக இயங்கிய ஒரு பக்கத்தில் இன்று பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காதபோதுதான் புதிய பதிப்பின் நினைவு வருகிறது. உடனே பழைய பதிப்பைத் தேடி நிறுவுவது பலருடைய வழக்கம். அது பாதுகாப்புத் திருத்தங்களை இழப்பதற்கான வழியே தவிர, பக்கத்தைச் சரிசெய்யும் வழி அன்று. குறை தளத்தில் இருக்கலாம், உலாவியில் இருக்கலாம், அல்லது இரண்டும் பின்பற்ற வேண்டிய தரநிலையிலேயே இருக்கலாம். எதில் இருக்கிறது என்று கண்டறிந்த பிறகே யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

புதுப்பிக்கும் முன்

முதலில் இயங்குதளத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசி குரோம் பதிப்பு 109. 2023 தொடக்கத்தில் வந்த 110க்கு விண்டோஸ் 10 தேவை. பயர்பாக்ஸ் தன் 115ஆம் பதிப்பை நீண்டகால ஆதரவுக் கிளையாக வைத்துக்கொண்டு, அந்தப் பழைய விண்டோஸ்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் சில காலம் வழங்கியது. ஏதோ ஒரு பக்கத்தில் எழும் “உங்கள் உலாவி காலாவதியாகிவிட்டது” என்ற அறிவிப்பை நம்பி நிறுவியை இறக்கக் கூடாது. விண்டோஸிலும் மேக்கிலும் உலாவியின் உதவிப் பட்டியலில் பதிப்பு எண்ணைக் காட்டும் பகுதி இருக்கிறது. அதைத் திறந்தாலே புதிய பதிப்பு இருக்கிறதா என்று உலாவி தானாகத் தேடும்.

அடுத்தது காப்பு நகல். பயர்பாக்ஸில் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், உலாவிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரல்களின் அமைப்புகள் அனைத்தும் ஒரே பயனர் கோப்புறையில் இருப்பதால், உலாவியை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். குரோமில் இந்த முறையை முழுவதும் நம்ப முடியாது. விண்டோஸில் அதன் கடவுச்சொற்கள் அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்படுவதால், வேறு கணினிக்குக் கொண்டுபோன நகலில் அவை திறக்கா. எனவே கடவுச்சொற்களை அதன் மேலாளரிலிருந்து கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பு யாரும் படிக்கக்கூடிய வெற்று உரை என்பதால் வேலை முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். புதுப்பிப்பதற்கு முன்பே நகல் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல், புதிய பயர்பாக்ஸ் ஒருமுறை பயன்படுத்திய பயனர் கோப்புறையைப் பழைய பயர்பாக்ஸ் திறக்க மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்கிறது.

துணைநிரல்களின் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57, பழைய கட்டமைப்பில் எழுதப்பட்ட துணைநிரல்கள் அனைத்தையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தது. குரோமும் தன் நீட்சிகளின் (துணைநிரல்களுக்கு அங்கே இந்தப் பெயர்) இரண்டாம் தலைமுறைக் கட்டமைப்பை அண்மையில் கைவிட்டது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத துணைநிரல் ஒன்றை அன்றாட வேலைக்கு நம்பியிருப்பவர் அதற்கு மாற்றை இப்போதே தேடிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் கையொப்ப டாங்கிளை வைத்துக் கணக்குகளைத் தாக்கல் செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களுக்குத் தனியாக ஒரு சொல். உலாவிக்குள்ளேயே ஜாவா செருகுநிரலை ஓட்டிக் கையொப்பமிடும் பழைய முறை, 2015இல் குரோம் 45இலும் 2017இல் பயர்பாக்ஸ் 52இலும் முடிவுக்கு வந்துவிட்டது. இன்று அந்த வேலையைக் கணினியில் தனியாக நிறுவப்படும் ஒரு மென்பொருள் செய்கிறது. உலாவியைப் புதுப்பிக்கும்போது அந்த மென்பொருளும் அதனோடு ஒத்துப்போகிறதா என்பதை முதலில் ஒரே ஒரு கணினியில் சோதித்துப் பார்க்க வேண்டும். கெடு முடியும் வாரத்தில் அலுவலகம் முழுவதையும் புதுப்பிப்பது போன்ற வேண்டாத வேலை வேறில்லை.

எங்கே உடைந்தது

பக்கம் உடைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, தற்காலிகச் சேமிப்பில் இருக்கும் பழைய கோப்புகளைப் புறக்கணித்துப் பக்கத்தை மீண்டும் ஏற்ற வேண்டும். சரியாகவில்லை என்றால் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்கலாம். அங்கே நீங்கள் அனுமதித்தாலன்றித் துணைநிரல்கள் இயங்கா. பழைய குக்கீகளும் இரா. அங்கே மட்டும் பக்கம் ஒழுங்காக வந்தால் குறை உங்கள் அமைப்பில்தான் இருக்கிறது. துணைநிரல்களில் பாதியை முடக்கிச் சோதித்து, பிறகு மீதியில் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால் குற்றவாளி விரைவில் அகப்படும்.

மறைநிலையிலும் உடைந்தே இருந்தால் வேறு பொறியில், அதாவது பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் காட்டும் வேறொரு உள் மென்பொருளில், சோதிக்க வேண்டும். குரோமில் உடைந்ததை எட்ஜில் திறந்துவிட்டு “இரண்டு உலாவிகளிலும் இப்படித்தான் வருகிறது” என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். எட்ஜ் 2020 முதலும் ஓபரா 2013 முதலும் குரோமின் பொறியையே பயன்படுத்துகின்றன. ஆகவே அது ஒரே சாட்சியை இருமுறை விசாரிப்பதாகும். பயர்பாக்ஸின் கெக்கோவும் சஃபாரியின் வெப்கிட்டுமே உண்மையில் வேறு பொறிகள். ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீங்கலாக, எந்தப் பெயரில் உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

பக்கம் திறக்கவே மறுத்து, பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று பிழை காட்டினால், சேவையகம், இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையின் பழைய 1.0 அல்லது 1.1 பதிப்பிலேயே நின்றுவிட்டதா என்று தளத்தாரைக் கேட்க வேண்டும். முன்னணி உலாவிகள் 2020 முதல் அவற்றைக் கைவிட்டுவிட்டன. அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யக் கூடாது.

தளத்தின் குறைகளில் மிகப் பழையது, உலாவியின் பெயரையும் எண்ணையும் படித்து ஆளுக்கேற்ற பக்கம் தருவது. ஓபரா 2009இல் 10ஆம் பதிப்பை எட்டியபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை 1 என்று எண்ணிக்கொண்டன. வேறு வழியின்றி ஓபரா தன்னை 9.80 என்று அறிவித்துக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் வைத்தது. குரோமும் பயர்பாக்ஸும் 2022இல் 100ஐ எட்டுவதற்கு முன் இதை நினைவில் கொண்டு, மூன்று இலக்க எண்ணை முன்கூட்டியே அனுப்பிப் பார்க்கும் ஒரு சோதனை அமைப்பை நிரலாளர்களுக்குக் கொடுத்தன. இந்தக் குறையை நீங்களே சோதிக்கலாம்: எப்12 விசையால் திறக்கும் நிரலாளர் கருவிகளில், உலாவி தன்னை அறிவித்துக்கொள்ளும் வரியை மாற்றும் வசதி இருக்கிறது. அங்கே பழைய எண்ணைக் கொடுத்ததும் பக்கம் சரியாக வந்தால், உலாவியில் எதுவும் கெடவில்லை. தளம்தான் எண்ணைத் தவறாகப் படிக்கிறது. இந்த ஒரு சோதனையின் முடிவை எழுதி அனுப்பினால், “எங்கள் தளம் வேலை செய்யவில்லை என்கிறார்” என்று உதவி மையம் ஒதுக்கிவிடக்கூடிய புகார், சரிசெய்யக்கூடிய புகாராகிவிடும்.

குறை உலாவியில்தான் என்று தோன்றினால், பக்கத்தின் நிரலை நகலெடுத்து, குறைக்குத் தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போக வேண்டும். இனி ஒரு வரியை எடுத்தாலும் குறை மறைந்துவிடும் என்ற நிலையில் எஞ்சும் பத்திருபது வரிகளைத்தான் உலாவிப் பொறியாளர்கள் கேட்கிறார்கள். பயர்பாக்ஸில் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: மோஸ்ரிக்ரெஷன் என்னும் கருவி அன்றன்றைய சோதனைப் பதிப்புகளை இறக்கித் தரும், ஒவ்வொன்றுக்கும் நல்லது, கெட்டது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தால், எந்த நாளின் எந்த மாற்றத்தால் உடைந்தது என்பதைச் சுட்டிக்காட்டிவிடும். நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

தரநிலையை வைத்து வாதிடுவது

இந்த இடத்தில்தான் வாதம் தொடங்குகிறது; ஏனெனில் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி “தரநிலை என்ன சொல்கிறது?” என்பதாக இருக்கும். பக்கத்தின் கட்டமைப்பை வரையறுக்கும் எச்.டி.எம்.எல். தரநிலையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியுடன் 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாட்டபிள்யூஜி என்னும் குழு தொடர்ந்து திருத்தப்படும் ஒரே ஆவணமாகப் பராமரிக்கிறது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். தரநிலை டபிள்யூ3சியின் பணிக்குழுவிடம் இருக்கிறது. இந்த ஆவணங்களைப் படிக்கும்போது எது கட்டாயம், எது பரிந்துரை, எது விருப்பம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பரிந்துரையாக இருக்கும் ஒன்றைக் கட்டாயம் என்று சொல்லி வாதிட்டால் முதல் மறுமொழியிலேயே வழக்கு தள்ளுபடியாகிவிடும். விளக்கக் குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும் விதியைப் புரிந்துகொள்ள உதவுமே தவிர, விதி ஆகமாட்டா.

தரநிலையைச் சரியாகப் பின்பற்றுவதாலேயே பக்கங்கள் உடையும்போது என்ன செய்வது என்பதற்கு நல்ல பாடம் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. அதற்கு முந்தைய பதிப்புகளின் பிழைகளுக்கு ஏற்ப எழுதப்பட்ட பக்கங்கள் இணையம் முழுவதும் நிறைந்திருந்தன. எனவே புதிய பொறியை வெளிப்படையாகக் கேட்கும் பக்கங்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்றவற்றைப் பழையபடியே காட்டலாம் என்று 2008 ஜனவரியில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. தரநிலைப்படி எழுதியவர்கள் தனியாக ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும், பிழையாக எழுதியவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றால் இணையம் என்றைக்குத் திருந்தும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச் மாதத்திலேயே மைக்ரோசாஃப்ட் முடிவை மாற்றிக்கொண்டு, தரநிலைப்படி காட்டுவதையே இயல்பாக்கியது. 2009 மார்ச்சில் உலாவி வெளியானபோது, உடைந்த பக்கத்தைப் பழைய முறையில் காட்ட முகவரிப் பட்டையில் ஒரு பொத்தான் இருந்தது. எதிர்த்தவர்கள் சொன்னது சரி என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பொத்தான் இல்லாமல் அவர்களுடைய கொள்கை மட்டும் வென்றிருந்தால், அலுவலகங்கள் புதிய பதிப்பைத் தொட்டிருக்கமாட்டா.

இதற்கு நேர்மாறான வழக்கு 2018இல் நடந்தது. பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் அணிகளுக்கு (மதிப்புகளின் பட்டியல்களுக்கு) ஃபிளாட்டன் என்ற செயற்கூறைச் சேர்க்க முனைந்தபோது, மூடூல்ஸ் என்னும் பழைய நிரல் நூலகம் அதே பெயரை ஏற்கெனவே தன் முறையில் வைத்திருந்ததால், அதைப் பயன்படுத்திய ஒரு தளம் பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் உடைந்தது. தளங்களைத் திருத்தச் சொல்வதற்குப் பதிலாகத் தரநிலைக் குழு பெயரையே ஃபிளாட் என்று மாற்றிக்கொண்டது. இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே கொள்கையால் விளக்க முடியும். 2007இல் டபிள்யூ3சி வெளியிட்ட எச்.டி.எம்.எல். வடிவமைப்புக் கொள்கைகள், முரண்பாடு வந்தால் முதலில் பயனர், பிறகு பக்கம் எழுதுபவர், பிறகு உலாவி உருவாக்குபவர், பிறகு தரநிலை எழுதுபவர், கடைசியில் கோட்பாட்டுத் தூய்மை என்று வரிசைப்படுத்துகின்றன. உங்கள் வாதமும் இந்த வரிசையில் மேலே இருப்பவரின் இழப்பைக் காட்டினால் செவிமடுப்பார்கள். “இதுவே அழகான முறை” என்று தொடங்கினால் கடைசி இடத்திலிருந்துதான் பேசுகிறீர்கள். ஆதரவாளர் எண்ணிக்கையைக் காட்டுவதாலும் பெரும் பயனில்லை. வாட்டபிள்யூஜியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கக் குறைந்தது இரண்டு உலாவிப் பொறிகளின் ஆதரவும், அனைவரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய பொதுச் சோதனைகளும் தேவை. பயர்பாக்ஸை உருவாக்கும் மோஸில்லாவும் வெப்கிட்டும் ஒவ்வொரு முன்மொழிவையும் பற்றித் தம் நிலைப்பாட்டைப் பொதுவில் எழுதி வைக்கின்றன. பேசத் தொடங்கும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

உலாவியிலும் தளத்திலும் குறை இல்லாமல், தரநிலையிலேயே இடைவெளி இருப்பதற்குத் தமிழே எடுத்துக்காட்டு. பத்தியின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கவும், எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடவும் சி.எஸ்.எஸ்.இல் வசதி உண்டு. எழுத்து என்றால் எது என்பதற்கு உலாவிகள் ஒருங்குறியின் பொது விதிகளைப் பெருமளவு சார்ந்திருக்கின்றன. ‘கொ’ அந்த விதியில் ஒரே எழுத்தாக நிற்கிறது. ஆனால் புள்ளியோடு ஒரு எழுத்து முடிந்துவிடுவதாக விதி கொள்வதால், ‘க்க’ இரண்டாகப் பிரிவது போலவே ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் இரண்டாகிவிடுகின்றன. முன்னது தமிழுக்குச் சரி. பின்னது வாசகரின் கண்ணுக்குத் தவறு. 2023இல் ஒருங்குறி 15.1 தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் போன்ற எழுத்துகளின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காதிருக்கப் புதிய விதியைச் சேர்த்தது. தமிழ் அதில் இல்லை. தமிழில் புள்ளி பொதுவாக மெய்களைப் பிணைப்பதில்லை என்பதால், அந்த விதியை அப்படியே தமிழுக்கு நீட்டினால் ‘க்க’ கெட்டுவிடும்.

இத்தகைய குறையைக் குரோமின் வழுப்பதிவில் எழுதினால் அங்கே தீர்வு பிறக்காது. டபிள்யூ3சியில் இந்திய எழுத்துமுறைகளுக்கென நடக்கும் பணியில், தமிழுக்கு உலாவிகளில் எவை குறைகின்றன என்று பட்டியலிடும் ஆவணம் ஒன்று உண்டு; முதலில் அதில் உங்கள் குறை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் கீழேயே புதிய சான்றைச் சேர்க்கலாம். சான்று என்பது குறையைக் காட்டும் ஒருங்குறி உரை, அதை மூன்று பொறிகளும் காட்டும் விதத்தின் திரைப்பிடிப்புகள், அச்சு நூலில் அதே எழுத்து எப்படி வருகிறது என்பதற்கான ஒளிப்படம், எந்தச் சொற்களுக்கு விதி பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்ற தெளிவான பட்டியல் ஆகியவையே. கடைசியில் சொன்ன பட்டியலைத் தமிழ் படிக்கத் தெரியாத பொறியாளர் தாமாக எழுத இயலாது. அதை எழுதி அனுப்பிய பிறகு பொறியாளர்கள் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லவும், அந்தப் பட்டியலிலிருந்தே பொதுச் சோதனைகள் எழுதப்படும்போது அவற்றைச் சரிபார்க்கவும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.