சின்ன நாய்க்கு எத்தனை வீதம் புரதம்? பையைத் திருப்பிப் பார்த்துக் கணக்கிடும் முறை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாய்ச் சாப்பாடு விற்கும் எந்தக் கடைக்குள் போனாலும், ஒரே தட்டில் 21 வீதம் புரதம் என்று போட்ட பையும் 30 வீதம் என்று போட்ட பையும் அடுத்தடுத்து நிற்கும். கீழ்த் தட்டில் 8 வீதம் என்று எழுதிய டின். கூடினதுதான் நல்லது என்று 30ஐத் தூக்குபவர்கள் உண்டு. புரதம் கூடினால் உடம்புக்குச் சூடு என்று 21ஐ எடுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே பார்க்கக்கூடாத எண்ணைப் பார்க்கிறது. நாய் ஒரு நாளில் சாப்பிடும் கலோரிக்குள் எத்தனை கிராம் புரதம் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

10 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் இந்தக் கணக்குக்கு இன்னும் கனம் அதிகம். 4 கிலோ பொமரேனியன் நாள் முழுவதும் சாப்பிடுவது 90 கிராம் அளவு உலர் உணவு, அவ்வளவுதான். அதில் 15 கிராமைக் குறைத்து பிஸ்கற்றால் நிரப்பினால், பையில் எழுதியிருக்கும் வீதம் எதுவும் அந்த நாய்க்குப் பொருந்தாது.

பையின் பின்பக்கம்

முன்பக்கக் கோழிப் படத்தை விடுங்கள். பின்னால் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: குரூட் புரோட்டீன் குறைந்தது இவ்வளவு, ஃபேட் குறைந்தது இவ்வளவு, ஃபைபர் (நார்) கூடியது இவ்வளவு, மொய்ஸ்சர் (ஈரப்பதம்) கூடியது இவ்வளவு. சில பைகளில் ஆஷ் என்று சாம்பலின் அளவும் இருக்கும். கடையில் நின்றே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து எண்களும் பிறகு தேவைப்படும்.

ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். ஆகவே அந்த எண் தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது இந்த ஓட்டையால்தான்: நைதரசன் நிறைந்த, புரதமே இல்லாத மெலமைனை கோதுமைப் புரதத்தில் கலந்து புரத அளவைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். தரத்தை ஓரளவு மட்டிட மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். அது எடைப்படி, தண்ணீரையும் சேர்த்து எழுதப்படுவது. முதலில் நிற்கும் பச்சைக் கோழி இறைச்சியில் முக்கால்வாசிக்குக் கிட்டத் தண்ணீர். அது காய்ந்தபின் பட்டியலில் எங்கோ கீழே போய்விடும். கோழித் தூள், மீன் தூள் என்று இருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் வற்றிய பொருள், எடைக்கு எடை புரதம் அதிகம். சோளம், சோளக் குளுட்டன், அரிசி, அரிசித் தவிடு என்று தானியத்தையே நான்காகப் பிரித்து எழுதியிருந்தால் அவற்றைக் கூட்டிப் பாருங்கள். முதலிடம் யாருக்கு என்று தெரியும்.

1000 கலோரிக்கு எத்தனை கிராம்

டின்னில் 80 வீதம் தண்ணீர், பையில் 10 வீதம். இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. தண்ணீரைக் கழித்துப் பார்க்கும் வழி எளிது: புரத வீதத்தை, 100இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து வரும் எண்ணால் பிரித்து, 100ஆல் பெருக்குங்கள். 26 வீதப் பை 28.9 ஆகும், 8 வீத டின் 40 ஆகும். ஆனால் இத்துடன் நிறுத்தினால் கொழுப்பு ஏமாற்றும், ஏனென்றால் கொழுப்புக் கூடிய உணவில் நாய் கொஞ்சம் சாப்பிட்டதும் கலோரி நிரம்பிவிடும், புரதம் அந்தக் கொஞ்சத்துக்குள் வருவதுதான். ஆகவே கலோரிக் கணக்கு.

பையில் 100 கிராமுக்கு எத்தனை கிலோ கலோரி என்று எழுதியிருந்தால் அதையே எடுங்கள் (இங்கே கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோ கலோரிதான்). இல்லாவிட்டால்: 100இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மாச்சத்து. சாம்பல் எழுதப்படாத பையில், உலர் உணவுக்கு 7 அல்லது 8, டின்னுக்கு 2 என்று வையுங்கள். பிறகு புரதத்தை 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும், மாச்சத்தை 3.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமில் உள்ள கிலோ கலோரி கிடைக்கும். புரத வீதத்தை அதனால் பிரித்து 1000ஆல் பெருக்குங்கள்.

ஒரு பை: புரதம் 26, கொழுப்பு 14, நார் 3, ஈரம் 10, சாம்பல் 7. மாச்சத்து 40. கலோரி 91 + 119 + 140, மொத்தம் 350. புரதம் 1000 கலோரிக்கு 74 கிராம்.

விலை கூடிய இன்னொரு பை: புரதம் 30, கொழுப்பு 20, நார் 3, ஈரம் 10, சாம்பல் 8. மாச்சத்து 29. கலோரி ஏறக்குறைய 377. புரதம் 80 கிராம். 26க்கும் 30க்கும் இடையில் தெரிந்த பெரிய இடைவெளி இவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

அந்த டின்: புரதம் 8, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2, மாச்சத்து 4. கலோரி 84.5. புரதம் கிட்டத்தட்ட 95 கிராம். தட்டின் அடியில் கிடந்த 8 வீதம்தான் மூன்றிலும் முதலிடம்.

எவ்வளவு போதும்

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோவின் (AAFCO) அட்டவணை வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் கேட்கிறது. உலர் எடையில் அது 18 வீதம். குட்டிக்கும் சினைப்பட்ட நாய்க்கும் 56.3 கிராம், அதாவது 22.5 வீதம். ஐரோப்பாவின் செல்லப்பிராணி உணவுத் தயாரிப்பாளர் கூட்டமைப்பான ஃபெடியாஃப் (FEDIAF), ஓடியாடாத நாய் குறைவாகச் சாப்பிடும் என்பதைக் கணக்கில் எடுத்து, அப்படிப்பட்ட வளர்ந்த நாய்க்கு 52 கிராம் என்று வைக்கிறது. பம்பலப்பிட்டித் தொடர்மாடியில் நாளுக்கு இரண்டு தரம் மட்டும் கீழே இறங்கும் நாய்க்கு இதுதான் பொருத்தம்.

இவை எல்லாம் அடிமட்டம். குறி வைக்க வேண்டிய அளவு இதற்கு மேலே. நலமான வளர்ந்த சின்ன நாய்க்கு 65 முதல் 90 கிராம் வரை எங்கே நின்றாலும் சரி. அதற்கு மேல் போனால் தீங்கில்லை, ஆனால் மிஞ்சிய புரதம் தசையாகச் சேராது. நைதரசன் சிறுநீரில் போகும், மீதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். அதற்காகக் கூடின விலை கொடுப்பது உங்கள் விருப்பம்.

குட்டிக்கு 70க்குக் குறையாமல் பாருங்கள், பையில் வளர்ச்சிக்கானது அல்லது எல்லா வயதுக்கும் உரியது என்ற வாசகம் இருக்கவேண்டும். சின்ன இனங்கள் 10 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடியும், அதன்பின் மாற்றலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த மிகச் சிறிய குட்டிகளுக்குப் புரதத்தைவிட நேரம் பெரிய விஷயம்: நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள், இல்லாவிட்டால் குருதியில் சீனி இறங்கிச் சோர்ந்து விழும்.

உடல் மெலிய வேண்டிய நாய்க்கு 85க்கு மேல். பழைய உணவையே பாதியாக்கினால் கலோரியுடன் புரதமும் பாதியாகும், கொழுப்போடு தசையும் கரையும். வயது போன நாய்க்குப் புரதத்தைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 75க்குக் குறையவே விடாதீர்கள், பத்து வயதுக்குப் பின் தசை தானாகவே கரையும்.

ஒரு நாள் அளவு

நாயின் எடையை மூன்று தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததற்கு இரண்டு தரம் வர்க்கமூலம் எடுத்து, 70ஆல் பெருக்குங்கள். 4 கிலோவுக்கு 4 × 4 × 4 = 64; வர்க்கமூலம் 8; மீண்டும் வர்க்கமூலம் 2.83, 70ஆல் பெருக்க 198. இதை 1.6ஆல் பெருக்கினால் கருத்தடை செய்த வளர்ந்த நாயின் நாள் தேவை, ஏறக்குறைய 317 கிலோ கலோரி. எளிதில் கொழுக்கும் நாய்க்கு 1.4. இதே வழியில் 3 கிலோவுக்கு 255, 5 கிலோவுக்கு 375, 7 கிலோவுக்கு 480 வரும்.

மேலே சொன்ன 26 வீதப் பையில் 317 கலோரிக்கு 90 கிராம் அளக்கவேண்டும், அதில் 23 கிராம் புரதம். கோப்பையால் அளக்காதீர்கள். குவித்து அள்ளும் கைக்கும் மட்டமாக அள்ளும் கைக்கும் 15 கிராம் வித்தியாசம் வந்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. 4 கிலோ நாய்க்கு அது 30 கலோரி. ஒரு கிறீம் கிறக்கர் பிஸ்கற் கிட்டத்தட்ட அதை முடித்துவிடும். மாலையில் வாங்கும் மீன் பணிஸில் ஒரு பாதி என்றால் சொல்லவே வேண்டாம்.

சோறும் மீனும் கொடுக்கும் வீடுகள்

200 கிராம் சோறு, மேலே மீன் குழம்புத் தண்ணீர், உதிர்த்த மீன் 10 கிராம்: இதுதான் பல வீட்டில் நாயின் தட்டு. சோற்றில் 5 கிராம், மீனில் 2.5 கிராம், மொத்தம் 8 கிராமுக்கும் குறைவு. கலோரி 280க்குக் கிட்ட. 1000 கலோரிக்கு 27 கிராம்தான் வருகிறது, அடிமட்ட 45க்கே போதாது. வயிறு நிரம்பும், மயிர் மங்கும், பின்கால் தசை வற்றும்.

சோற்றை 150 கிராமாகக் குறைத்து, தோலும் எலும்பும் இல்லாமல் அவித்த கோழி நெஞ்சிறைச்சி 50 கிராம் சேர்த்தால் புரதம் 19 கிராமுக்கு மேல், 1000 கலோரிக்கு 70 கிராம். புரதம் சரி. ஆனால் இந்தத் தட்டில் கல்சியம் இல்லை, மற்ற விற்றமின்களும் கனிமங்களும் போதாது. இதையே நாளாந்தம் கொடுப்பதென்றால் மிருக வைத்தியரிடம் நாயின் எடையைச் சொல்லி, கல்சியத்துடன் கூடிய கலவைத் தூளை அளவோடு எழுதி வாங்குங்கள். குட்டிக்கு இந்தத் தட்டே வேண்டாம், எலும்பு வளைந்துவிடும்.

சோயா மீட்டில் உலர் எடைக்குப் பாதி புரதம், விலையும் மலிவு, சேர்க்கலாம். ஆனால் சுவைப் பொட்டலத்தோடு வரும் பைக்கற் வேண்டாம், அதில் வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) இருக்கும். வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன உடம்புக்குச் சின்ன அளவே போதும். ஃபிரைட் ரைஸ் மிச்சம் போடாததற்கு இது ஒன்றே காரணமாகட்டும். திராட்சையும் பிளம்ஸ் என்னும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புரதம் காரணமல்லாத தொல்லைகள்

கோழி சூடு, அதனால்தான் சொறிகிறது என்பார்கள். கொழும்பில் சொறியும் நாயில் முதலில் தேடவேண்டியது தெள்ளும் உண்ணியும், அடுத்து ஈரப்பதத்தில் வளரும் பூஞ்சை. உணவு ஒவ்வாமை உண்டுதான், ஆனால் அது புரதத்தின் அளவுக்கு அல்ல, வகைக்கு. கோழி ஒவ்வாத நாய்க்கு 30 வீதக் கோழி உணவை விட்டு 20 வீதக் கோழி உணவுக்கு மாறுவதால் ஒரு பயனும் இல்லை. முன்பு சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம், இடையில் ஒரு பிஸ்கற்கூடக் கொடுக்காமல், வைத்தியர் சொல்படி கொடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

நலமான சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்காது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் வேறு கதை. அங்கே பொஸ்பரஸைக் குறைப்பதுதான் முதல் வேலை, அதற்கென உள்ள மருத்துவ உணவை வைத்தியர் தெரிவார். எலிக்காய்ச்சல் வந்து தப்பிய நாய் என்றால், புரதம் கூடிய பையை வாங்கும் முன் குருதியும் சிறுநீரும் பரிசோதியுங்கள். உண்ணிக் காய்ச்சலில் சில நாய்கள் புரதத்தைச் சிறுநீரில் இழந்து மெலியும். அதைத் தீவனத்தால் நிரப்பப் பார்ப்பது வீண் வேலை. யோர்க்‌ஷயர், மோல்ற்றீஸ் குட்டி சாப்பிட்டபின் மந்தமாகி, சுவரோடு தலையை முட்டி நின்றால் கல்லீரல் குருதிக்குழாய்க் குறையாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்குப் புரதத்தை விட்டுக் கொழுப்பு எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் புரதம் கூடிய பைகளில் கொழுப்பும் கூடவே ஏறும்.

வாங்குவதும் மாற்றுவதும்

சாக்கிலிருந்து கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவதை வாங்கினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செய்ய முடியாது. அவசரத்துக்கு வாங்கவேண்டி வந்தால் சாக்கின் பின்பக்கத்தையும் காலாவதித் திகதியையும் படம் எடுங்கள். திறந்த சாக்கில் நம் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும், கொழுப்பும் கசக்கும். நாளுக்கு 90 கிராம் என்றால் 3 கிலோப் பை 33 நாளுக்கு வரும், அதுவே உச்ச அளவு. 10 கிலோப் பை மலிவாகத் தெரிந்தாலும் மூன்றரை மாதத்துக்கு மேல் திறந்து கிடக்கும். பையோடு சேர்த்தே மூடியுள்ள வாளிக்குள் வையுங்கள்.

மாற்றும்போது முதல் இரண்டு நாள் கால்வாசி புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும். மலம் இளகினால் முந்தின படிக்குத் திரும்பி மூன்று நாள் நில்லுங்கள். முழுதாக மாற்றி இரண்டு வாரம் கழிந்தும் மலம் இளக்கமாகவும் வாயு நாற்றம் கடுமையாகவும் இருந்தால், அந்தப் புரதம் செரிக்காமல் பெருங்குடலில் புளிக்கிறது என்று சந்தேகிக்கலாம். குறைந்த வீதத்துக்குப் போகாமல் வேறு மூலப்பொருள் உள்ள உணவைத் தேடுங்கள். பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். குளியலறைத் தராசு 100 கிராம் வரை காட்டினால் போதும். விலா எலும்பு விரலுக்கு எளிதாகத் தட்டுப்படாவிட்டால் நாள் அளவில் 10 வீதம் குறையுங்கள், எலும்பு கண்ணுக்கே தெரிந்தால் 10 வீதம் கூட்டுங்கள். அப்படிக் குறைத்தபின் நாள் புரதத்தை மறுபடி கணக்கிடுங்கள்: 90 கிராம் 81 ஆனால் 23 கிராம் புரதம் 21 ஆகிவிடும்.